இருபத்தைந்தாயிரத்துக்கு லோட் செல் பெடலா, காத்திருந்து ஆக்டிவ் பெடலா? சேலத்தில் இருந்து ஒரு கேள்வி

ஐந்துரோடு_அபெக்ஸ் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான்கு வருடமாக சிம் ரேசிங் (கம்ப்யூட்டரில் கார் பந்தயம்) ஓட்டுகிறேன். பெரும்பாலும் அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிசியோனே என்ற விளையாட்டு, அதில் ஜிடி3 பந்தயக் கார்கள். போன தீபாவளிக்கு ஸ்டீயரிங்கை டைரக்ட் டிரைவுக்கு (மோட்டாரோடு நேரடியாக இணைந்த வகை) மாற்றிவிட்டேன். பெடல் மட்டும் பழைய வீல் செட்டோடு வந்ததுதான். உள்ளே பெடல் நகர்ந்த தூரத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர், பிரேக்குக்குப் பின்னால் ஒரு ரப்பர் கட்டை.

பிரச்சினை இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தில்தான் நன்றாகத் தெரிகிறது. முதல் சிக்கேனுக்கு (வேகத்தைக் குறைக்க வைத்த இரட்டை வளைவு) முன்னால் ஒரு சுற்றில் மிதித்த மாதிரி அடுத்த சுற்றில் மிதிக்க முடியவில்லை. பிரேக் பிடிக்க அடையாளமாக வைத்த அதே தூரப் பலகை, அதே வேகம், அதே கால். ஒரு தடவை கார் அழகாக நிற்கிறது, அடுத்த தடவை வளைவைத் தாண்டி நேராக ஓடிவிடுகிறது. பத்து சுற்றில் மூன்று சுற்று அங்கேயே வீணாகிறது.

கையில் இப்போது 25,000 ரூபாய் இருக்கிறது. அதற்குள், எவ்வளவு அழுத்துகிறோம் என்று அளக்கிற லோட் செல் பெடல் ஒன்று வாங்கலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் சேர்த்து வைத்து, மோட்டார் வைத்துக் காலுக்கே விசை திருப்பித் தருகிற ஆக்டிவ் பெடல் ஒன்றை பிரேக்குக்கு மட்டும் வாங்கலாம். இரண்டு தடவை செலவு செய்ய வசதியில்லை. ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_ரிக்

முதலில் ஒரு கேள்வி. எதில் உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள்?

ஐந்துரோடு_அபெக்ஸ்

சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. பெடலைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறேன். நாற்காலி பின்னால் போகாமல் இருக்க சக்கரத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறேன்.

அஸ்தம்பட்டி_ரிக்

அப்படியானால் எந்தப் பெடல் என்ற பேச்சையே கொஞ்சம் தள்ளி வைக்கலாம். நீங்கள் பெடலை 50 கிலோ விசையோடு மிதித்தால் அதே 50 கிலோ உங்கள் முதுகையும் நாற்காலியையும் பின்னால் தள்ளும். கயிறு இழுபடும், நாற்காலி முதுகு வளையும், பெடல் பலகை முன்பக்கம் தூக்கும். இப்படி வளைகிற ஒவ்வொன்றும் காலுக்கு "பெடல் நகர்கிறது" என்று பொய்த் தகவல் தரும். நான் இரண்டு வருடம் இதே தவறைச் செய்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அலுமினிய புரொஃபைல் ரிக் (சீட், பெடல், ஸ்டீயரிங் மூன்றையும் தாங்கும் சட்டம்) நல்லதுதான், ஆனால் விலை அதிகம். நம் ஊரில் அது தேவையே இல்லை. 40க்கு 40 மில்லிமீட்டர் இரும்புச் சதுரக் குழாய் வாங்கி, தெரிந்த வெல்டிங் பட்டறையில் கொடுங்கள். பெடல் பலகைக்குக் கீழே குறுக்குத் தாங்கி கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். சீட்டுக்குப் பழைய கார் உதிரிக் கடையில் மாருதி முன் சீட் கிடைக்கும், ரெயிலோடு எடுத்துக்கொள்ளுங்கள். காலுக்கும் பெடலுக்கும் இடைவெளியை அப்புறம் மாற்ற அது உதவும்.

செவ்வாய்ப்பேட்டை_தராசு

நான் எலக்ட்ரானிக் தராசு பழுது பார்ப்பவன். வெள்ளிப் பட்டறைகளில் மில்லிகிராம் தராசில் இருந்து மண்டியில் மூட்டை நிறுக்கிற பிளாட்பாரம் தராசு வரை எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். என் பையன் உங்களைப் போல ஓட்டுவான், அவனுக்காகத்தான் இங்கே வந்தேன். லோட் செல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பொட்டென்ஷியோமீட்டர் பெடல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளக்கிறது. உள்ளே கார்பன் தடத்தின் மேல் ஒரு சிறு தகடு உரசிக்கொண்டே இருக்கும். தடம் தேயும், தூசி படியும், அப்போது மதிப்பு துள்ளும். ஹால் சென்சார் காந்தத்தை வைத்து அளப்பதால் தேய்மானம் இல்லை, ஆனால் அதுவும் பெரும்பாலும் தூரத்தைத்தான் அளக்கிறது. லோட் செல் அப்படியல்ல. அது ஓர் உலோகத் துண்டு. அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய ஸ்ட்ரெய்ன் கேஜ்களின் மின்தடை அதற்கேற்ப மாறும். நான்கு கேஜ்களை ஒரு பாலமாக இணைத்து, வருகிற மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கிப் படிப்போம். தராசும் அதுதான், உங்கள் பிரேக் பெடலும் அதுதான்.

மனிதக் கால் தூரத்தை நினைவில் வைப்பதில் சுமார்தான். "எவ்வளவு அழுத்தினேன்" என்பதை அதைவிட நன்றாக நினைவில் வைக்கும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்கினால் இரண்டா மூன்றா என்று கை சொல்லிவிடும். கையை மூன்று அங்குலம் நகர்த்தினோமா நான்கா என்று கேட்டால் தடுமாறும்.

ஒரு எச்சரிக்கை. லோட் செல்லின் கொள்ளளவைப் பார்த்து வாங்குங்கள். 40 கிலோ செல்லை 80 கிலோ விசையில் உதைத்தால் உலோகம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது, பூஜ்யம் நிரந்தரமாக நகர்ந்துவிடும். பக்கவாட்டு முறுக்கும் அதற்கு ஆகாது. மண்டியில் மூட்டையைத் தராசின் ஓரத்தில் தொப்பென்று போட்டுப் போட்டுச் செல்லைக் கெடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஐந்துரோடு_அபெக்ஸ்

ஐயா, நன்றி. நான்கு வருடத்தில் எனக்கு யாரும் இப்படி விளக்கவில்லை.

ஏற்காடு_இரண்டாம்கியர்

நான் சிம் ஓட்டுவது வாரம் ஒரு தடவை. ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவையும் பதினெட்டு வருடமாக ஏறி இறங்குகிறேன், எஸ்டேட் ஜீப், மினி லாரி இரண்டிலும். தராசு ஐயா சொன்னதை நான் மலையில் பார்த்திருக்கிறேன்.

நிஜ வண்டியில் பிரேக் பேட் டிஸ்க்கைத் தொட்ட பிறகு பெடல் அதிகம் நகராது. அதற்கு மேல் உள்ள எல்லாமே அழுத்தம்தான். அதனால்தான் புது வண்டியில் ஏறினாலும் நாலு வளைவில் கால் பழகிவிடுகிறது. கீழே இறங்கும்போது தெரியாத ஆட்கள் பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வருவார்கள். பாதி இறங்குவதற்குள் கருகிய வாசம் வரும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவி சேர்ந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அப்போது தூரம் நிறைய, அழுத்தம் இல்லை, வண்டி நிற்காது. ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான்.

தம்பி, உங்கள் பழைய பெடல் எனக்கு அந்தப் பஞ்சுப் பெடலைத்தான் ஞாபகப்படுத்துகிறது. முதலில் அதை மாற்றுங்கள். மோட்டார் பெடல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஓட்டியவர்கள் சொல்லட்டும்.

ஓசூர்_வழி_சேலம்

நான் பெங்களூரில் வேலை செய்கிறேன், வீடு சூரமங்கலம். பிரேக்குக்கு மட்டும் ஒரு சிமுகியூப் ஆக்டிவ் பெடல் வைத்திருக்கிறேன். த்ராட்டிலுக்குச் சாதாரண ஹால் பெடல். அதனால் அனுபவத்தில் இருந்து சொல்ல முடியும்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஃபோர்ஸ் ஃபீட்பேக் பெடல்" என்ற பெயரில் இரண்டு வேறு சாதனங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஃபனாடெக் கிளப்ஸ்போர்ட் வி3 பெடலில் சின்ன அதிர்வு மோட்டார் உண்டு. சிமேஜிக்கின் பி-எச்பிஆர் என்பதும் பெடலில் மாட்டுகிற அதிர்வு மோட்டார்தான். இவை உங்கள் கால் விசையை எதிர்ப்பதில்லை, கைபேசி அதிர்வது போல அதிரும், அவ்வளவுதான். ஆக்டிவ் பெடலில் ஸ்ப்ரிங்கும் இல்லை, ரப்பரும் இல்லை. உள்ளே ஒரு சர்வோ மோட்டார், அதன் சுழற்சியை நேர்கோட்டு விசையாக மாற்றுகிற ஸ்க்ரூ, ஒரு லோட் செல். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று லோட் செல் சொல்ல, அந்த இடத்தில் பெடல் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று மென்பொருள் முடிவு செய்ய, மோட்டார் அந்த எதிர்விசையைத் தரும். ஸ்ப்ரிங் என்பதே ஒரு கணக்காகிவிடுகிறது.

சிமுகியூப் பின்லாந்தின் கிரானைட் டிவைசஸ் தயாரிப்பு. 2023இல் கைக்கு வரத் தொடங்கியபோது ஒரு பெடலுக்கே 2,000 யூரோவுக்கு மேல். சுங்கமும் வரியும் அனுப்பும் செலவும் சேர்த்தால் இரண்டு லட்சம் தாண்டிவிடும். பிறகு மோசாவும் எம்பூஸ்டர் என்று இறக்கியது, அது நன்றாகவே விலை குறைவு. இந்த வகை இனிமேல் மலிவாகிக்கொண்டேதான் போகும் என்று நினைக்கிறேன்.

எனக்கு என்ன கிடைத்தது? ஜிடி3 ஓட்டும்போது ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யத் தொடங்குகிற நொடியில் பெடல் காலைத் தட்டுகிறது. திரையில் ஒரு விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஏபிஎஸ் இல்லாத பழைய ஃபார்முலா காரில் சக்கரம் பூட்டப்போகிற எல்லையிலேயே நடுக்கம் வரும். ஆனால் மாதக்கணக்கில் ஓட்டிய பிறகு நான் மதிப்பது அதையல்ல. கார் மாறினால் பெடல் மாறுகிறது. ஜிடி3க்கு இறுக்கமான, குறைவாக நகரும் பெடல். பழைய சாலைக் காருக்கு நீளமான, மென்மையான பெடல். எழுந்து ஸ்பேனர் எடுக்காமல் ஒரு சொடுக்கில்.

லேப் டைம், அதாவது ஒரு சுற்றுக்கான நேரம்? உண்மையைச் சொல்கிறேன். பொட்டென்ஷியோமீட்டரில் இருந்து லோட் செல்லுக்குப் போனபோது எனக்குக் கிடைத்த மாற்றம், லோட் செல்லில் இருந்து ஆக்டிவுக்குப் போனபோது கிடைத்ததைவிடப் பெரியது. ரொம்பவே பெரியது.

கோவை_ரெண்டாவதுலேப்

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மலிவாக ஒன்று வாங்கி, ஒரு வருடத்தில் அலுத்துப்போய், பாதி விலைக்கு விற்று, மறுபடி வாங்குவதுதான் நம் ஆட்களுக்குப் பெரிய நஷ்டம். நானே பெடலில் மூன்று படி ஏறினேன். மூன்றையும் கூட்டினால் முதலிலேயே உயர்ந்ததை வாங்கியிருக்கலாம். இருக்கிற பெடலை வைத்து ஒரு வருடம் ஓட்டுங்கள், நேராக ஆக்டிவ் வாங்குங்கள்.

ஓசூர்_வழி_சேலம்

உங்கள் கணக்கு பணத்துக்குச் சரி. ஆனால் அந்த ஒரு வருடத்தை யார் திருப்பித் தருவது? அவர் வாரம் ஐந்து நாள் தப்பான பெடலில் தப்பான பழக்கத்தைக் காலில் ஏற்றிக்கொண்டிருப்பார். தூரத்தை வைத்து பிரேக் பிடிக்கிற பழக்கம் ஊறிவிட்டால் ஆக்டிவ் பெடல் வந்த பிறகும் முதல் இரண்டு மாதம் அதை மறக்கவே போகும். ஆக்டிவும் விசையைத்தானே படிக்கிறது. லோட் செல்லில் பழகிய கால் அங்கே நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று. அவருடைய கயிறு கட்டிய நாற்காலியில் ஆக்டிவ் பெடலை வைத்தால் பெடல் ஜெயிக்கும், நாற்காலி தோற்கும்.

கோவை_ரெண்டாவதுலேப்

நாற்காலி விஷயம் சரிதான். அதை நான் கவனிக்காமல் எழுதிவிட்டேன். ரிக் இல்லாமல் ஆக்டிவ் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கொண்டலாம்பட்டி_லேத்

நடுவில் ஒரு மூன்றாவது வழி இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. நான் பட்டறை வைத்திருக்கிறேன், ஆக்டிவ் பெடலைச் சொந்தமாகவே ஒன்று செய்தேன். இணையத்தில் திறந்த மூலத் திட்டமாக வரைபடமும் நிரலும் கிடைக்கின்றன. ஈஎஸ்பி32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, டிரைவர் சர்க்யூட் உள்ளேயே இருக்கிற சர்வோ மோட்டார், பால் ஸ்க்ரூ, லீனியர் ரெயில், லோட் செல்.

கணக்கு எளிது. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்கிற ஸ்க்ரூவில் 0.6 நியூட்டன் மீட்டர் மோட்டாரை மாட்டினால், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால் சுமார் 75 கிலோ விசை கிடைக்கும். 10 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட்டால் விசை பாதியாகும், ஆனால் பெடல் இரண்டு மடங்கு வேகமாக நகரும். பெடலின் நெம்புகோல் நீளத்தை வைத்து இதைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். நான் 5 தான் போட்டேன்.

லோட் செல்லைப் படிக்க எல்லோரும் எச்எக்ஸ்711 என்ற சின்னப் பலகையை வாங்குவார்கள். அது நொடிக்கு 10 அல்லது 80 தடவைதான் படிக்கும். சாதாரண லோட் செல் பெடல் செய்ய 80 ஓரளவு போதும். கடையில் வாங்கும் பலகை பல நேரம் 10இல் அமைந்திருக்கும், சிப்பில் அதற்கான பின்னை மாற்றி இணைக்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாமதமாக வரும். மோட்டாரைக் கட்டுப்படுத்த 80 போதவே போதாது. அதற்கு ஏடிஎஸ்1256 மாதிரி வேகமான சிப் வேண்டும்.

ஆனால் நான் இதை அபெக்ஸ் தம்பிக்குப் பரிந்துரைக்கவில்லை. எனக்கு லேத்தும் மில்லிங்கும் கையருகில் இருந்தும் நான்கு மாதம் ஆனது. 70 கிலோ விசை தரும் மோட்டார் காலுக்கு அடியில் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. அவசர நிறுத்தப் பொத்தான் கை எட்டும் தூரத்தில் இல்லாமல் நான் யாரையும் உட்காரவிடுவதில்லை. கரண்ட் போனால் மோட்டாரின் எதிர்விசை சட்டென்று காணாமல் போகும், முழு அழுத்தத்தில் இருக்கிற கால் கடைசிவரை போய் இடிக்கும். அதற்கு முனையில் கெட்டி ரப்பர் வைத்தேன், கம்ப்யூட்டரோடு சேர்த்து யூபிஎஸ்ஸும் போட்டேன்.

ஐந்துரோடு_அபெக்ஸ்

சரி, எனக்குப் பாதை தெரிந்துவிட்டது. ஆனால் ஓர் ஆசை மட்டும் விடவில்லை. ஏபிஎஸ் தட்டுவதைக் காலில் உணர வேண்டும். லோட் செல் பெடலில் அதற்கு வழி உண்டா?

அஸ்தம்பட்டி_ரிக்

உண்டு. சிம்ஹப் என்ற மென்பொருள் சிம்மில் இருந்து தகவலை எடுத்து அதிர்வாக மாற்றும். பெடல் பலகைக்கு அடியில் ஒரு பேஸ் ஷேக்கரை (ஒலி சிக்னலை அதிர்வாக மாற்றும் சாதனம்) திருகி, சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொடுத்தால் போதும். ஏபிஎஸ், சக்கரம் பூட்டுவது இரண்டை மட்டும் வையுங்கள். இஞ்சின் அதிர்வு, சாலை அதிர்வு எல்லாவற்றையும் போட்டால் எது எதற்கு என்று காலுக்குப் புரியாது. எல்லா சிம்மும் சக்கரம் வழுக்கும் அளவை ஒரே மாதிரி வெளியே தருவதில்லை, அதனால் சிம்முக்கு ஒரு முறை சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பெடல் வரும்வரை ஒரு காசும் செலவில்லாமல் இன்னொன்று செய்யலாம். விளையாட்டு அமைப்பில் பிரேக் காமா என்று இருக்கும். அதை ஏற்றினால் பெடலின் முதல் பாதி மென்மையாகி, கட்டுப்பாடு கொஞ்சம் எளிதாகும். லோட் செல் வந்த அன்று அதை மறக்காமல் 1க்குத் திருப்பிவிடுங்கள், அதற்கு நேர்கோடுதான் சரி.

செவ்வாய்ப்பேட்டை_தராசு

பெடல் வந்ததும் 100 சதவீத அழுத்தத்தை எவ்வளவு கிலோவில் வைப்பது என்று ஒரு கேள்வி வரும். பெட்டியில் 100 கிலோ என்று போட்டிருந்தால் 100இல் வைக்க வேண்டும் என்று இல்லை. இருபது சுற்றும் தொடை நடுங்காமல் உங்களால் எவ்வளவு அழுத்த முடியுமோ அதில் வையுங்கள். என் பையன் 35இல் ஆரம்பித்தான், இப்போது 55.

ஐந்துரோடு_அபெக்ஸ்

*(ஐந்து வாரம் கழித்து)*

எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன், அதனால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ரிக். இரும்புக் குழாய், வெல்டிங், பழைய கார் சீட், பெயின்ட் எல்லாம் சேர்த்து 8,500 ஆனது. பெடல் பலகைக்குக் கீழே குறுக்குத் தாங்கி இரண்டு வைத்தார்கள். பழைய பெடலையே அதில் வைத்து ஒரு வாரம் ஓட்டினேன், வேண்டுமென்றே. அதிலேயே வித்தியாசம் தெரிந்தது. அஸ்தம்பட்டி அண்ணன் சொன்னது முழுக்க உண்மை.

அப்புறம் பெடல். இரண்டாம் கையாக ஒரு த்ரஸ்ட்மாஸ்டர் டி-எல்சிஎம் கிடைத்தது, பிரேக்கில் லோட் செல், மற்ற இரண்டிலும் காந்த சென்சார். மாற்றிப் போட ஸ்ப்ரிங்குகளும் கூடவே வந்தன. மொத்தச் செலவு 25,000 தாண்டவில்லை. முதல் மூன்று நாள் ரொம்ப மோசம். பெடல் நகரவே இல்லை என்று கால் பயந்து ஓங்கி மிதித்தது, எல்லா வளைவிலும் முன்னதாகவே நின்றேன். நான்காம் நாள் அழுத்தத்தைக் குறைத்து வைத்து, மோன்சாவில் முதல் சிக்கேனை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

நேற்று இருபது சுற்று. அந்த இடத்தில் ஒரு தடவைதான் தவறினேன். வேகமான சுற்று பழையதைவிட அரை நொடிகூடக் குறையவில்லை. ஆனால் இருபது சுற்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இன்னும் நன்றாக வந்தது பிரேக்கை விடுகிற பகுதி. முன்பெல்லாம் வளைவுக்குள் திரும்பும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது எனக்கு வரவே வராது, ஒன்று முழுதாகப் பிடிப்பேன், இல்லை முழுதாக விடுவேன். இப்போது காலைத் தளர்த்தத் தளர்த்தக் காரின் மூக்கு உள்ளே திரும்புவது தெரிகிறது.

ஆக்டிவ் பெடல் ஆசை போய்விடவில்லை. இரண்டு வருடம் கழித்து விலை எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். ரிக் தயாராக இருக்கிறது, காலும் தயாராகிக்கொண்டிருக்கிறது.

ஏற்காடு_இரண்டாம்கியர்

தம்பி, ரொம்ப சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை கீழே வருகிறேன், லீ பஜாரில் சரக்கு எடுக்க வேண்டும். என் மகளுக்கு இதில் ஆர்வம். அரை மணி நேரம் உட்கார வைக்க முடியுமா?

ஐந்துரோடு_அபெக்ஸ்

கட்டாயம் அழைத்து வாருங்கள் அண்ணா. சீட் ரெயில் இருப்பதால் அவளுடைய உயரத்துக்கு முன்னால் தள்ளிக்கொள்ளலாம். அழுத்தத்தை 20 கிலோவில் வைத்துத் தருகிறேன். மதியம் மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

கொண்டலாம்பட்டி_லேத்

அப்படியே என் பட்டறைக்கும் வாருங்கள், ஞாயிறு மதியம் திறந்துதான் இருக்கும். அபெக்ஸ் தம்பியும் ஆக்டிவ் பெடலில் ஒரு தடவை கால் வைத்துப் பார்க்கட்டும்.